மெஷ் வைஃபையில் 2.4ஐயும் 5ஐயும் பிரிக்கப் போய் வரும் கோளாறுகள்: அறிகுறிப்படி பார்ப்பது எப்படி

"தம்பி, இந்த 2.4ஐயும் 5ஐயும் ரெண்டாப் பிரிச்சு விடுங்கோ. யூடியூப்பில அப்பிடித்தான் சொல்லுறாங்கள்."

வெள்ளவத்தையில் நாங்கள் இருக்கும் தொடர்மாடியில் இந்த வசனத்தை நான் கேட்காத மாடி இல்லை. 2.4, 5 என்பவை வைஃபை ஓடும் இரண்டு அலைவரிசைகள் (கிகாஹேர்ட்ஸ் கணக்கில்): 2.4 தூரம் போகும், 5 வேகம் கூடியது, ஆனால் தூரம் குறைவு. மெஷ் என்பது வீட்டில் பல பெட்டிகளை வைத்து ஒரே வைஃபையாக ஓட விடுவது; அதில் இரண்டு அலைவரிசைக்கும் பெரும்பாலும் ஒரே பெயர்தான். பிரிப்பது என்றால் ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர் கொடுப்பது. என் தொழில் கணக்கு எழுதுவது. ஆனால் ஒரு வீட்டில் ஸ்மார்ட் பிளக் ஒன்றைச் சரியாக்கிக் கொடுத்த நாளிலிருந்து, லிஃப்டுக்குள் நின்றாலும் வைஃபைக் கதைதான். ஆரம்பத்தில் கேட்டவுடன் பிரித்துக் கொடுத்தேன். அடுத்த கிழமையே அதே வீட்டிலிருந்து வேறு முறைப்பாடு வரும்: பிரிண்டர் தெரியவில்லை, பின் அறையில் வட்ஸ்அப் கோல் வெட்டுகிறது, இரண்டாவது பெட்டி சிவப்பாக நிற்கிறது.

இப்போது போனும் லப்டொப்பும் இருக்கிற முதன்மைப் பெயரில் நான் கை வைப்பதில்லை. அதன் பக்கத்தில் 2.4 மட்டும் ஓடுகிற இன்னொரு பெயரைத் திறந்து பிளக், பல்ப், கமராவை அதற்குள் விடுகிறேன். பெரும்பாலான வீடுகளுக்கு இவ்வளவு பிரிப்புப் போதும். முழுக்கப் பிரித்தே ஆக வேண்டிய வீடுகளும் உண்டு. அவை எவை என்று கீழே வரும்.

உங்கள் வீட்டுக் கோளாறு எந்தத் தலைப்பில் இருக்கிறதோ அங்கே நேரே போங்கள். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத காரணம் முதலில், செலவு பிடிப்பது கடைசியில். முதல் தலைப்பை மட்டும் எல்லாரும் பாருங்கள்.

## எதையும் தொடுவதற்கு முன்

கணக்கு யாருடைய போனில் இருக்கிறது? இதை முதலில் கேட்கப் பழகியது பட்ட பிறகுதான். ஒரு வீட்டில் முக்கால் மணி நேரம் மெஷ் செயலிக்குள் நுழையப் பார்த்து, பிறகுதான் தெரிந்தது, மெல்பேர்னில் இருக்கும் மகன் போன வருட லீவில் வந்தபோது தன் ஈமெயிலில் பதிந்துவிட்டுப் போயிருக்கிறார் என்று. அங்கே அப்போது நள்ளிரவு. இன்னொரு வீட்டில் பொருத்த வந்த டெக்னீஷியனின் ஈமெயில். அவருடைய நம்பர் வேலை செய்யவில்லை. மகன் என்றால் அவரிடம் சொல்லி உங்களையும் மேலாளராகச் சேர்க்கலாம். டெக்னீஷியன் என்றால் எல்லாப் பெட்டியையும் ரீசெட் செய்து உங்கள் பெயரில் புதிதாகத் தொடங்குவதுதான் ஒரே வழி. வேறொருவரின் போனில் உங்கள் வீட்டு வைஃபையின் சாவி இருப்பது எப்படியும் நல்லதில்லை.

உங்கள் மெஷ் எதற்கு இடம் கொடுக்கிறது? எல்லா மெஷ்ஷும் பிரிக்க விடாது. கூகுள் நெஸ்ட் வைஃபையில் இரண்டுக்கும் ஒரே பெயர்தான், பிரிக்கும் தெரிவே இல்லை. ஈரோவில் நிரந்தரமாகப் பிரிக்க முடியாது, ஆனால் 5ஐச் சில நிமிடங்களுக்கு நிறுத்தி வைக்கும் தெரிவு உதவிப் பகுதிக்குள் இருக்கிறது. டிபி-லிங்க் டெகோவில் முதன்மைப் பெயரிலும் கெஸ்ட் (விருந்தாளி) பெயரிலும் 2.4, 5 இரண்டையும் தனித்தனியே ஓன், ஓஃப் செய்யலாம். புதிய மென்பொருள் உள்ள மொடல்களில் ஐஓடி நெட்வேர்க் என்று பிளக், பல்ப் போன்றவற்றுக்குத் தனியே ஒன்றும் இருக்கும். ஆசூஸ் ஏஐமெஷ்ஷில் 'ஸ்மார்ட் கனெக்ட்'டை அணைத்தால் ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர் கொடுக்கலாம். பெட்டியைத் திருப்பி அடியில் மொடல் நம்பரைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

வீட்டில் மொத்தம் எத்தனை வைஃபை? ஃபைபர் இணைப்போடு வந்த ரவுட்டரின் வைஃபையை யாரும் அணைப்பதில்லை. மெஷ் வாங்கிய பிறகும் அது மூலையில் தன் பழைய பெயரில் ஒலிபரப்பிக்கொண்டிருக்கும். கீழே வரும் கோளாறுகளில் பாதிக்கு அதுவும் ஒரு காரணம். அதன் செட்டிங்ஸுக்குள் போய் அதன் வைஃபையை மட்டும் அணையுங்கள். பெட்டியை அணைத்துவிடாதீர்கள், இணையம் வருவதே அதற்குள்ளால்தான்.

## பிளக் மினுங்கிக்கொண்டே இருக்கிறது, செயலி கடைசியில் 'முடியவில்லை' என்கிறது

அதிகம் வருவது இதுதான். மலிவான ஸ்மார்ட் பிளக், பல்ப், கமரா அனேகமானவற்றுக்கு 2.4 மட்டுமே தெரியும். ஆனால் அவை சேராததற்கு 5 எப்போதும் காரணம் இல்லை, பழி மட்டும் அதன் மேல் விழும்.

மூன்றாம் மாடி ரீச்சரின் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். பிளக்கை அலுமாரிக்குப் பின்னால் இருந்த சொக்கட்டில் குத்தியிருந்தார். குனிந்து பார்த்தால் நீல லைட் நொடிக்கு இரண்டு தரம் மினுங்குகிறது. செயலியில் வட்டம் சுற்றிச் சுற்றி 99 வீதத்தில் நின்றது. ரீச்சர் மூன்று நாளாக இதையே திரும்பத் திரும்பச் செய்திருக்கிறார். "அன்ட்ரி, போனைக் கொஞ்சம் தாங்கோ" என்று வாங்கிப் பார்த்தேன். லொக்கேஷன் ஓஃப், மொபைல் டேட்டா ஓன். இரண்டையும் மாற்றிப் போட்டதும் அடுத்த தடவையே சேர்ந்தது. அலைவரிசையைத் தொடவே இல்லை.

ஆகவே இந்த ஒழுங்கில் பாருங்கள்.

போனில்: லொக்கேஷனை ஓன் செய்யுங்கள். செயலி கேட்கும் அனுமதிகளைக் கொடுங்கள். ஐபோனில் 'லோக்கல் நெட்வேர்க்' அனுமதியும் வேண்டும். மொபைல் டேட்டாவையும் விபிஎன்னையும் சற்று நேரம் அணையுங்கள்.

பெயரிலும் பாஸ்வேர்ட்டிலும்: வைஃபைப் பெயரைத் தமிழ் எழுத்தில் வைத்த வீடுகள் இருக்கின்றன, பூப்படம் போட்ட வீடும் ஒன்று இருக்கிறது. வடிவாகத்தான் இருக்கும், ஆனால் மலிவான பிளக்குகளில் பல அதை வாசிக்காது. புதிதாகத் திறக்கும் 2.4 பெயருக்கு ஆங்கில எழுத்தும் இலக்கமும் மட்டும் போடுங்கள். பாஸ்வேர்ட்டில் இடைவெளியும் விசித்திரக் குறிகளும் வேண்டாம்.

பாதுகாப்பு வகையில்: டபிள்யூபிஏ3 என்று இருந்தால் பழைய பிளக்குகள் உள்ளே வரவே மாட்டா. பிளக்குகளுக்கான பெயரை மட்டும் டபிள்யூபிஏ2க்கு மாற்றுங்கள். முதன்மைப் பெயர் 3இலேயே இருக்கட்டும்.

பிளக்கின் லைட்டில்: இங்கே வழி மூன்றாகப் பிரியும்.

லைட் மினுங்கவே இல்லை என்றால் பிளக் இன்னும் பழைய வீட்டையோ பழைய பெயரையோ நினைத்துக்கொண்டிருக்கிறது. பொத்தானை ஐந்து நொடிக்கு மேல் அழுத்திப் பிடியுங்கள், மினுங்கத் தொடங்கும்.

வேகமாக மினுங்கியும் சேரவில்லை என்றால் திரும்பவும் அழுத்திப் பிடித்து மெதுவாக மினுங்கும் நிலைக்குக் கொண்டுவாருங்கள். ஸ்மார்ட் லைஃப் போன்ற செயலிகளில் இதற்கு வேறு தெரிவு இருக்கும். இந்த நிலையில் பிளக்கே சிறிய ஹொட்ஸ்பொட் ஒன்றை எழுப்பும். போனில் அதைப் பிடித்து வீட்டு வைஃபைப் பெயரைக் கொடுத்தால், போன் 5இல் இருந்ததா 2.4இல் இருந்ததா என்ற பிரச்சினையே இல்லை.

மெதுவாக மினுங்கியும் சேரவில்லை என்றால் மட்டும் அலைவரிசைக்கு வாருங்கள். ஐஓடி அல்லது கெஸ்ட் நெட்வேர்க்கைத் திறந்து அதில் 5ஐ அணைத்து 2.4ஐ மட்டும் விடுங்கள். ஈரோ என்றால் 5ஐத் தற்காலிகமாக நிறுத்திவிட்டு உடனே பிளக்கைச் சேருங்கள். இரண்டுமே இல்லாத மெஷ் என்றால் பழைய போன் ஒன்று கை கொடுக்கும். அதில் 2.4 ஹொட்ஸ்பொட்டை வீட்டு வைஃபையின் அதே பெயர், அதே பாஸ்வேர்ட், அதே பாதுகாப்பு வகையோடு எழுப்புங்கள். மெஷ் பெட்டிகளை அணைத்துவிட்டு பிளக்கை அதில் சேருங்கள். பிறகு ஹொட்ஸ்பொட்டை அணைத்து மெஷ்ஷை ஓன் செய்தால் பிளக் வித்தியாசம் தெரியாமல் வீட்டு வைஃபைக்குள் போய்விடும். எழுத்து ஒன்று பெரிதாகவோ சிறிதாகவோ மாறினாலும் இது பலிக்காது.

செட்டிங்ஸே பிடிக்காத வயதானவர் வீட்டில் இன்னொரு வழியும் செய்திருக்கிறேன்: போனோடு படிக்கட்டுக்குப் போய், 5 எட்டாத தூரத்தில் போன் தானாக 2.4க்கு இறங்கியதும் அங்கே நின்று சேர்ப்பது. பிளக்கையும் படிக்கட்டுப் பக்கச் சொக்கட்டில் குத்த வேண்டும். சிரிக்காதீர்கள், வேலை செய்கிறது.

பிளக்கையே மாற்ற வேண்டிய நேரம்: மேலே உள்ளதெல்லாம் செய்தும், வேறு ஒரு வீட்டு வைஃபையிலும் சேரவில்லை என்றால் பழுது பிளக்கில்தான். பற்றுச்சீட்டோடு கடைக்குக் கொண்டுபோங்கள்.

ரீச்சர் அந்த பிளக்கை வாங்கியது குளியலறை கீசருக்கு. அதை மட்டும் நான் செய்து கொடுக்கவில்லை. 3000 வொட் கீசர் 230 வோல்ட்டில் 13 அம்பியர் இழுக்கும்; பிளக்கின் முதுகில் 10 அம்பியர் என்று எழுதியிருந்தது. அது உருகும். கீசருக்கு ஸ்மார்ட் சுவிட்ச் வேண்டும் என்றால் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். ரீச்சரின் பிளக் இப்போது சாமி அறையில் பல்ப் எரிக்கிறது.

## பிரித்த பிறகு பிரிண்டர் தெரியவில்லை, ரீவிக்குப் படம் போகவில்லை

முதலில் பார்க்க வேண்டியது, போன் எந்தப் பெயரில் இருக்கிறது, பிரிண்டர் எந்தப் பெயரில் இருக்கிறது என்பது.

போன் முதன்மைப் பெயரில், பிரிண்டர் கெஸ்ட்டில்: கெஸ்ட் நெட்வேர்க் என்பது விருந்தாளியை ஹோலில் இருத்தி உள் அறைக் கதவைச் சாத்துவது போல. அதில் இருப்பவை வீட்டின் மற்றச் சாதனங்களைப் பார்க்கக் கூடாது என்பதற்காகவே அது இருக்கிறது. பிளக்கும் பல்பும் இணையம் வழியாகக் கட்டளை வாங்குவதால் அவற்றுக்கு இது தடையில்லை. பிரிண்டர், குரோம்காஸ்ட், வீட்டுக்குள் பதிவு வைத்திருக்கும் கமராப் பெட்டி ஆகியவற்றுக்கு இது பெரிய தடை. அவற்றை முதன்மைப் பெயருக்கே திருப்பிக் கொண்டுவாருங்கள். முதன்மைப் பெயரில் 2.4 அணைக்கப்படாமல் இருந்தால் பழைய பிரிண்டரும் அதில் சேரும்.

இரண்டும் ஒரே பெயரில், ஆனாலும் தெரியவில்லை: இரண்டிலும் ஐபி விலாசத்தைப் பாருங்கள். போனில் வைஃபைப் பெயரைத் தட்டினால் வரும். பிரிண்டரில் நெட்வேர்க் அறிக்கையை அச்சிட்டால் வரும். பெரும்பாலும் முதல் மூன்று இலக்கத் தொகுதியும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று 192.168.1 என்றும் மற்றது 192.168.68 என்றும் தொடங்கினால், ஒரு சாதனம் ஃபைபர் ரவுட்டரோடும் மற்றது மெஷ்ஷோடும் இருக்கிறது. ஃபைபர் ரவுட்டரின் வைஃபைக்கும் மெஷ்ஷுக்கும் ஒரே பெயரை வைத்த வீடுகளில் இது கண்ணுக்கே தெரியாது. போன் ஹோலில் ஒன்றோடும் அறையில் மற்றதோடும் ஒட்டும். "சில நேரம் பிரிண்ட் வருது, சில நேரம் வரேல்லை" என்பார்கள்.

லான் வயரில் குத்திய ரீவி பெட்டி தெரியவில்லை: வயர் ஃபைபர் ரவுட்டரில் குத்தியிருக்கும், போன் மெஷ்ஷில் இருக்கும். வயரைக் கழற்றி மெஷ் பெட்டியில் குத்துங்கள். அல்லது மெஷ்ஷை அக்சஸ் பொயிண்ட் முறைக்கு (தான் ரவுட்டராக இல்லாமல் வைஃபையை மட்டும் கொடுக்கும் முறை) மாற்றுங்கள். வீடு முழுக்க ஒரே நெட்வேர்க் ஆகிவிடும். அதில் மெஷ்ஷின் பிள்ளைகள் கட்டுப்பாடு போன்ற சில வசதிகள் போகலாம் என்பதைத் தெரிந்துகொண்டு மாற்றுங்கள்.

ஆளைக் கூப்பிட வேண்டியது: ஃபைபர் ரவுட்டரைப் பிரிட்ஜ் முறைக்கு (இணையத்தைக் கடத்திவிட மட்டும் செய்யும் முறை) மாற்றி, மெஷ்ஷே நேரடியாக இணைய வேண்டும் என்றால். அதற்கு இணைப்பின் பயனர் பெயரும் பாஸ்வேர்ட்டும் தேவைப்படும், அவை சேவை நிறுவனத்திடம் இருக்கின்றன. தெரியாமல் மாற்றினால் இணையமும் போகும், லான்ட்லைன் குரலும் சேர்ந்து போகலாம். ஒரு தடவை எனக்கு நடந்தது. திருத்த வந்தவர் இரண்டு நாள் கழித்துத்தான் வந்தார்.

## பின் அறைக்குப் போனால் கோல் வெட்டுகிறது

முழுக்கப் பிரித்த வீடுகளின் நிரந்தர வியாதி இது. பிரிக்காத வரை போன் நடக்க நடக்க 5இலிருந்து 2.4க்குத் தானாக மாறும். பிரித்துவிட்டால் அதன் கண்ணுக்கு அவை இரண்டு வேறு வீடுகள். 5இன் கடைசி மூச்சு வரை பிடித்துக்கொண்டிருந்துவிட்டு, கோலைக் கைவிட்ட பிறகுதான் மற்றதைத் தேடும்.

செலவில்லாத வழி: திரும்பவும் ஒன்று சேருங்கள். பிளக்குகளுக்கு மட்டும் தனிப் பெயர். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு வரியை எடுத்துக்கொண்டு போவதானால் இதை எடுத்துக்கொண்டு போங்கள்.

சேர்க்க விருப்பமில்லை என்றால்: ஒவ்வொரு போனிலும் ஒரு பெயரை மட்டும் வைத்து மற்றதை மறக்கச் செய்யுங்கள். ஒரே அறையில் அசையாமல் இருக்கும் ரீவி, கேம் பெட்டி, வேலை மேசை லப்டொப் ஆகியவற்றுக்கு 5. வீடெல்லாம் நடக்கும் போனுக்கு 5ஐக் கொடுத்தால் மேலே சொன்ன கதைதான்.

சேர்த்த பிறகும் வெட்டினால்: அலைவரிசையை விட்டுவிட்டுப் பெட்டி இருக்கும் இடத்தைப் பாருங்கள். ஆண்ட்ரொய்டில் வைஃபை அனலைசர் வகைச் செயலி ஒன்றைப் போட்டுக்கொண்டு பின் அறையில் நில்லுங்கள். ஐபோனில் ஆப்பிளின் எயார்போர்ட் யூட்டிலிட்டியில் ஸ்கேனரை ஓன் செய்தால் அதே வேலை நடக்கும். சிக்னலின் பலமாகக் காட்டும் எண்ணுக்கு (dBm) முன்னால் கழித்தல் குறி இருக்கும்; குறியை விட்டுப் பார்த்தால் எண் சிறிதாக இருப்பதே நல்லது. 67க்குள் என்றால் வீடியோ கோலுக்குப் போதும். 75ஐத் தாண்டினால் எந்த செட்டிங்ஸும் உதவாது. ஐபோன் 70 அளவில்தான் வேறு பெட்டியைத் தேடவே தொடங்கும்.

இங்கே பெட்டியை வைக்கும் இடங்களைப் பார்த்தால் அழுகை வரும். ரீவிக்குப் பின்னால், ஃபிரிட்ஜுக்கு மேல், ஆளுயரக் கண்ணாடி அலுமாரிக்குள். புதுத் தொடர்மாடிகளில் கொங்கிரீட் தூணும், குளியலறை டைல்ஸும் தண்ணீர்க் குழாயும் நடுவில் வரும். பம்பலப்பிட்டிப் பக்கத்துப் பழைய வீடுகளில் சுவர்களே தடிப்பு. கொட்டாஞ்சேனையில் மேல் வீடு, கீழ் வீடு என்று ஒரே இணைப்பைப் பகிர்ந்தால் கொங்கிரீட் தட்டு. இரண்டாவது பெட்டியை வைஃபை இல்லாத அறைக்குள் வைப்பதுதான் எல்லாரும் விடும் பிழை. அது பட்டினி கிடக்கும் அறை. அங்கே வைத்தால் பெட்டியும் பட்டினிதான் கிடக்கும். முதல் பெட்டிக்கும் அந்த அறைக்கும் நடுவழியில், நெஞ்சளவு உயரத்தில், கதவு நேருக்கு வருகிற மாதிரி வையுங்கள். இரண்டு மீற்றர் நகர்த்தியதில் சரியான வீடுகள் உண்டு.

## பின்னேரத்தில் 2.4 தவழ்கிறது, காலையில் நன்றாக இருக்கிறது

பக்கத்து வீடுகள்தான் காரணம். காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட எங்கள் ஒழுங்கையில் இரவு எட்டு மணிக்கு ஸ்கேன் செய்தால் பட்டியல் விரலால் தள்ளத் தள்ள முடியாது. 2.4க்குள் இருக்கும் பாதைகளைச் சனல் என்பார்கள்; அவற்றில் ஒன்றையொன்று இடிக்காதவை 1, 6, 11 என்று மூன்றே மூன்றுதான். அத்தனை வீடும் அந்த மூன்று வாசலால் போக வேண்டும்.

செட்டிங்ஸில் சனலின் அகலம் 40 (மெகாஹேர்ட்ஸ்) என்று இருந்தால் 20க்குக் குறையுங்கள். கூட்டமான இடத்தில் அகலம் கூடினால் இடிபாடுதான் கூடும். சனலை நாமே தெரிவு செய்யும் மெஷ் என்றால் மூன்றில் நெரிசல் குறைந்ததைப் போடுங்கள். 3, 4, 8 என்று நடுவில் போட்டு 'யாருமே இல்லை' என்று சந்தோஷப்பட வேண்டாம்; இரண்டு பக்கத்துக் கூட்டமும் உங்கள் மேல்தான் விழும். சனலைத் தொட விடாத மெஷ்களில் 'நெட்வேர்க் ஒப்டிமைசேஷன்' மாதிரி ஒரு பொத்தான் இருக்கும். அதைப் பின்னேரத்திலேயே அழுத்துங்கள். காலை பத்து மணிக்கு அழுத்தினால் ஆட்கள் இல்லாத நேரத்துக் கணக்கைத்தான் அது பார்க்கும்.

குசினியில் மைக்ரோவேவ் ஓடும்போது மட்டும் வெட்டுகிறதா? அதுவும் 2.4 பக்கத்தில்தான் இயங்குகிறது. பெட்டியைக் குசினிச் சுவரிலிருந்து தள்ளுங்கள். பெட்டிக்கு அருகில் யூஎஸ்பி 3 ஹாட் டிஸ்க் இருக்கிறதா? அதன் இரைச்சலும் 2.4ஐக் கெடுக்கும். வயரை நீட்டித் தூரத்தில் வையுங்கள்.

போனையும் ரீவியையும் 5க்குக் கொண்டுபோவதுதான் இங்கே மருந்து. கனமான பாவனை எல்லாம் 5க்குப் போய்விட்டால் பிளக்குகளுக்கு 2.4இல் மிஞ்சுவது தாராளம். நெரிசல் மிகக் கடுமையான தொடர்மாடியில், எப்போதும் 2.4க்குள் போய் விழுகிற ரீவி ஒன்று இருந்தால், முழுக்கப் பிரிப்பதை நானும் ஒத்துக்கொள்வேன். ரீவிக்கு 5இன் பெயரை மட்டும் கொடுங்கள்.

## 5இன் பெயர் காணாமல் போய்த் திரும்ப வருகிறது

எல்லாப் போன்களிலும் ஒரே நேரத்தில் போனால்: 5இல் 52 தொடக்கம் 144 வரையான சனல்கள் ராடாரோடு பகிர்ந்துகொள்பவை. ராடார் மாதிரி ஏதாவது கேட்டால் பெட்டி உடனே விலகி வேறு சனலுக்குப் போக வேண்டும். இந்தச் சனல்களில் ஒன்றில் இறங்குவதற்கு முன் குறைந்தது ஒரு நிமிடமாவது கேட்டுப் பார்க்க வேண்டும். சில சனல்களில் பத்து நிமிடம் வரை போகும். பெட்டியை ஓன் செய்தவுடன் 2.4 வந்து 5 வராமல் நிற்பதும் இதனால்தான். கொஞ்சம் பொறுங்கள். அடிக்கடி நடந்தால் சனலை 36 தொடக்கம் 48க்குள் நிறுத்துங்கள். அகலம் 160 என்று இருந்தால் 80க்கு இறக்குங்கள். 160 என்பது அனேகமாக ராடார்ச் சனல்களையும் சேர்த்தே பிடிக்கும்.

ஒரு போனுக்கு மட்டும் தெரியவில்லை என்றால்: விலை குறைந்த பழைய போன்கள் பலவற்றில் 5 இல்லவே இல்லை. பக்கத்து வீட்டு 5 பெயர் எதுவும் அந்தப் போனில் வருகிறதா என்று பாருங்கள். எதுவுமே இல்லை என்றால் போன்தான். பக்கத்து வீட்டினுடையது வருகிறது, உங்களுடையது மட்டும் இல்லை என்றால் சனலை 36க்கு மாற்றிப் பாருங்கள்.

கனடாவில் இருந்து மாமா கொண்டுவந்த பெட்டி என்றால்: இது ஒரு தனி இனம். அங்கே விற்கும் பெட்டி அந்த ஊர்ச் சனல் ஒழுங்கோடு வரும். இங்கே மாற்ற விடாது. அதைவிட முக்கியம், குத்துவதற்கு முன் அடப்டரின் சிறிய எழுத்தை வாசியுங்கள். 100 தொடக்கம் 240 வரை என்று இருந்தால் தலைமாற்றி பிளக் போதும். 120 என்று மட்டும் இருந்தால் குத்த வேண்டாம், இங்கே 230. யூனிட்டி பிளாசாவிலோ புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவிலோ அதே வோல்ட், அதே அம்பியர், அதே முனை உள்ள அடப்டரைத் தேடி வாங்கிய பிறகு பார்க்கலாம்.

## பிள்ளைப் பெட்டி சிவப்பாக நிற்கிறது

முதன்மைப் பெட்டியைத் தாய் என்றும் மற்றவற்றைப் பிள்ளை என்றும் எங்கள் வீட்டில் சொல்லிப் பழக்கம். வயர் இல்லாத மெஷ்ஷில் தாயும் பிள்ளையும் பேசுவது பெரும்பாலும் 5இல்.

5ஐ அணைத்த உடனே சிவந்தால்: என்ன அணைத்தீர்கள் என்பது முக்கியம். சில மெஷ்களில் 5இன் பெயரை மறைத்தாலும் உள்ளே தாய் பிள்ளைப் பேச்சு ஓடும். சிலவற்றில் 5இன் ரேடியோவையே அணைத்துவிடுவீர்கள், தொப்புள்கொடி அறுந்துபோகும். அணைத்ததைத் திரும்ப ஓன் செய்து ஐந்து நிமிடம் பொறுங்கள். 5 வேண்டாம் என்று பிடிவாதமாக இருந்தால் இரண்டு பெட்டிக்கும் நடுவில் லான் வயர் இழுத்த பிறகு செய்யுங்கள்.

கரண்ட் போய் வந்த பிறகு சிவந்தால்: 2025 பெப்ரவரி 9ஆம் திகதி, பாணந்துறை உபமின் நிலையத்தில் குரங்கு பாய்ந்து நாடு முழுக்கக் கரண்ட் போனது என்று அமைச்சர் சொன்ன அந்த ஞாயிற்றுக்கிழமை, கரண்ட் வந்ததும் எனக்கு வந்த கோல் எல்லாம் இதற்குத்தான். எல்லாப் பெட்டியும் ஒரே நேரத்தில் எழும்பும். ஃபைபர் ரவுட்டர் முழிக்க இரண்டு மூன்று நிமிடம் எடுக்கும், அதற்குள் மெஷ் 'இணையம் இல்லை' என்று முடிவு கட்டிவிடும். எல்லாவற்றையும் அணையுங்கள். முதலில் ஃபைபர் ரவுட்டர். அதன் லைட்கள் நிலையான பிறகு தாய். தாய் பச்சையோ வெள்ளையோ ஆன பிறகு பிள்ளைகள். பிளக்குகள் கடைசியில் தாமாக வரும்; பத்து நிமிடம் கழித்தும் ஓஃப்லைன் என்று காட்டுவதை மட்டும் கழற்றிக் குத்துங்கள்.

ஃபைபர் ரவுட்டருக்கும் தாய்க்கும் சிறிய ரவுட்டர் யூபிஎஸ் ஒன்று வாங்கி வைத்தால் குட்டி மின்வெட்டுகளில் இந்தச் சடங்கே வராது. வாங்கும்போது இரண்டு பெட்டியின் அடப்டரிலும் உள்ள வோல்ட்டைப் பார்த்து எழுதிக்கொண்டு போங்கள்; எல்லாம் 12 இல்லை.

ஒன்றும் செய்யாமல் சிவந்தால்: பிள்ளையைக் கழற்றித் தாய்க்குப் பக்கத்தில், ஒரே அறையில் ஓன் செய்யுங்கள். அங்கே சரியாகிவிட்டால் தூரம்தான் பிரச்சினை, இடத்தை மாற்றுங்கள். அங்கேயும் சிவப்பு என்றால் செயலியில் அதை நீக்கி, ரீசெட் செய்து, திரும்பச் சேருங்கள். அதுவும் பலிக்காவிட்டால் வேறு பிள்ளையின் அடப்டரை மாற்றிக் குத்திப் பாருங்கள். வோல்ட்டும் அம்பியரும் ஒன்றாக இருந்தால் மட்டும். கடற்கரைப் பக்கம் உப்புக் காற்று முனைகளைத் தின்னும். பெட்டி நன்றாக இருந்து அடப்டர் செத்துப்போன வீடு இரண்டு பார்த்திருக்கிறேன். அதன் பிறகுதான் பெட்டிக்குக் காசு.

வயர் இழுப்பது: கட் 6 வயர் 100 மீற்றர் வரை தாராளமாகப் போகும், எந்த வீட்டுக்கும் போதும். ஓரமாகக் கிளிப் அடித்து இழுப்பதை நீங்களே செய்யலாம். சுவருக்குள் குழாயால் இழுப்பதென்றால் ஆளைக் கூப்பிடுங்கள். கரண்ட் வயர் போகும் குழாய்க்குள் லான் வயரைச் சேர்த்துத் தள்ள வேண்டாம். தொடர்மாடியில் பொதுச் சுவரைத் துளைப்பதற்கு முன் நிர்வாகக் குழுவிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். எங்கள் கட்டடத்தில் ஒரு துளைக்காக இரண்டு கூட்டம் நடந்தது.

தாயும் சிவப்பு, ஃபைபர் ரவுட்டரில் எல்ஓஎஸ் லைட்டும் (ஃபைபரில் சிக்னல் இல்லை என்று காட்டுவது) சிவப்பு: இது மெஷ்ஷின் வேலை இல்லை. வெளியே எங்கோ ஃபைபர் அறுந்தோ மடிந்தோ இருக்கிறது. ரீசெட் பொத்தானை அழுத்த வேண்டாம்; இணைப்பின் விபரங்கள் அழிந்தால் இரட்டை வேலை. ஃபைபர் முனையைக் கழற்றிக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்கவும் வேண்டாம், அதில் வருவது கண்ணுக்குத் தெரியாத லேசர். சேவை நிறுவனத்துக்குக் கோல் எடுத்து முறைப்பாட்டு இலக்கத்தை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் வரும் வரை போனின் ஹொட்ஸ்பொட்டில் வேலையைப் பாருங்கள். அதன் பெயரை மட்டும் வீட்டு வைஃபையின் பெயரில் வைக்காதீர்கள், இல்லாவிட்டால் பிளக்குகளும் கமராவும் உங்கள் டேட்டாவுக்குள் குடியேறிவிடும்.